தீ மட்டும் ஜப்பானுடையது

ஜப்பானில் கையால் செய்த தேநீர்க் கிண்ணம் ஒன்றை வாங்கினால், அதோடு ஒரு துண்டுத் தாளும் பல சமயம் கிடைக்கும். அதில் ஏறக்குறைய இப்படி எழுதியிருக்கும். முதல் தடவை பயன்படுத்தும் முன் அரிசி களைந்த தண்ணீரில் போட்டுக் காய்ச்சவும். ஒவ்வொரு முறையும் தண்ணீரில் நனைத்துவிட்டுப் பயன்படுத்தவும். மைக்ரோவேவ் அடுப்பில் வைக்க வேண்டாம். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போட வேண்டாம். நன்றாகக் காயாமல் பெட்டியில் வைத்து மூட வேண்டாம்.

ஒரு மண் கிண்ணத்துக்கு இவ்வளவு உபசாரமா என்று முதலில் சிரிப்புத்தான் வரும். கீழே போட்டால் உடைந்துவிடும் பொருள். உடைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று மண்ணில் இருக்கிறது. இன்னொன்று 400 வருடத்துக்கு முந்தைய ஒரு போரில் இருக்கிறது. இரண்டாவது பதிலைத் தெரிந்துகொண்டால் வேறொரு கேள்வியும் கூடவே வரும். கிண்ணத்துக்குக் கிடைத்த கவனிப்பு, அதைச் செய்தவர்களுக்குக் கிடைத்ததா?

மண்ணும் பீங்கானும்

ஜப்பானியப் பாண்டங்களைப் பொதுவாக இரண்டு வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று களிமண்ணில் செய்து சுட்டது. ஹாகி, ராகு, ஷிகராகி, பிசென் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, ஒருவகை வெள்ளைக் கல்லை இடித்து மாவாக்கி, பிசைந்து, சுமார் 1,300 டிகிரி செல்சியஸ் வரை சுட்டு எடுப்பது. இதுதான் அசல் பீங்கான். அரிதா என்ற ஊர் இதற்குப் பேர்போனது. விரலால் சுண்டினால் பீங்கான் 'டிங்' என்று ஒலிக்கும். மண் கிண்ணம் 'டொக்' என்று மந்தமாகச் சத்தமிடும்.

பீங்கான் தண்ணீரை உறிஞ்சாது. மண் கிண்ணம் உறிஞ்சும். மேலே கண்ணாடி மாதிரி மெருகு பூசியிருந்தாலும் உறிஞ்சும். காரணம், சூளையில் இருந்து எடுத்து ஆறும்போது மெருகு ஓர் அளவிலும் உள்ளே இருக்கும் மண் வேறோர் அளவிலும் சுருங்குகின்றன. மெருகு அதிகமாகச் சுருங்கினால் அதில் வலை மாதிரி நுண்ணிய விரிசல்கள் விழும். ஜப்பானியர்கள் இதைக் 'கன்யூ' என்பார்கள். இது குறை இல்லை, அழகு என்றே கருதப்படுகிறது.

இந்த விரிசல் வழியாகத் தேநீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். வருடக்கணக்கில் புழங்கினால் கிண்ணத்தின் நிறமே மாறிவிடும். ஹாகி கிண்ணங்களைப் பற்றி 'ஹாகியின் ஏழு மாற்றங்கள்' என்று ஒரு சொலவடையே உண்டு. வாங்கியபோது இருந்த கிண்ணமும் இருபது வருடம் கழித்து இருக்கும் கிண்ணமும் ஒன்று இல்லை. கிண்ணத்தைப் பாதி செய்கிறவர் குயவர் என்றால், மீதிப் பாதியைச் செய்கிறவர் அதில் குடிப்பவர்!

சாம்பலைக் கிளறியவர்கள்

மண்பாண்டத்தில் ஜப்பான் மிகப் பழைய நாடு. வடக்கே அவோமோரி பகுதியில் ஓதாய் யமமோதோ என்ற இடத்தில் கிடைத்த பானை ஓடுகள் 15,000 வருடத்துக்கும் மேற்பட்டவை. உலகின் மிகப் பழைய மண்பாண்டங்களில் இவையும் சேர்த்தி. ஆனால் ஒரு கிண்ணத்தின் விலை கோட்டை விலைக்கு ஏறியது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, 16-ஆம் நூற்றாண்டில்தான். காரணம் தேநீர்.

அது ஜப்பானின் பிரபுக்கள் ஒருவரோடு ஒருவர் ஓயாமல் போரிட்டுக்கொண்டிருந்த காலம். அந்தப் பிரபுக்களே மாலையில் ஒரு சின்னக் குடிசைக்குள் குனிந்து நுழைந்து, வாளை வெளியே வைத்துவிட்டு, அமைதியாகத் தேநீர் குடித்தார்கள். சென் நோ ரிக்யு (1522-1591) என்பவர் இந்தத் தேநீர்ச் சடங்குக்கு ஓர் எளிமையைக் கொண்டு வந்தார். பளபளக்கும் சீனக் கிண்ணங்களைவிட, கொஞ்சம் கோணலான, கரடுமுரடான கிண்ணங்களே அவருக்குப் பிடித்தன. அவருக்காக சோஜிரோ என்ற கைவினைஞர் சக்கரமே இல்லாமல் கையாலேயே கிண்ணம் பிடித்துக் கொடுத்தார். அதுதான் ராகு. சோஜிரோ தொடங்கி வைத்த அந்தக் குடும்பம் இன்று 16-ஆவது தலைமுறையாக அதே தொழிலைச் செய்து வருகிறது.

அந்தக் காலத்தில் தேநீர்ப் பொருள்களுக்கு என்ன மதிப்பு இருந்தது என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. தேயிலைப் பொடி போட்டு வைக்கும் சீன ஜாடி ஒன்று. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. கத்தரிக்காய் மாதிரி இருப்பதால் 'ட்சுகுமோ நாசு' என்று பெயர். நாசு என்றால் ஜப்பானிய மொழியில் கத்தரிக்காய். 1568-ல் மட்சுனாகா ஹிசாஹிதே என்ற பிரபு, ஓடா நொபுனாகாவுக்குப் பணிந்தபோது இந்த ஜாடியைத்தான் காணிக்கையாகக் கொடுத்தார். பிறகு அது டொயோடோமி ஹிதேயோஷியின் கைக்குப் போனது. 1615-ல் ஒசாகா கோட்டை எரிந்தபோது ஜாடியும் நெருப்பில் உடைந்து போனது.

போரில் வென்ற டோகுகாவா இயேயாசு என்ன செய்தார் தெரியுமா? எரிந்த கோட்டையின் சாம்பலைக் கிளறி அந்த ஜாடியின் துண்டுகளைத் தேடச் சொன்னார்! தேடிக் கிடைத்த துண்டுகளை உருஷி மரத்துப் பாலால் ஒட்டினார்கள். வெளியே பார்த்தால் உடைந்த தடமே தெரியாத அளவு நேர்த்தியான வேலை. இன்றும் அந்த ஜாடி செய்காதோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பல நூற்றாண்டு கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோதுதான் உள்ளே அது எத்தனை துண்டுகளாக இருக்கிறது என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஒரு ஜாடிக்காக ஒரு கோட்டையின் சாம்பலையே சலித்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போகலாம்.

கிண்ணப் போர்

1592-ல் ஹிதேயோஷி ஒன்றரை லட்சம் வீரர்களுக்கு மேல் கடல் கடந்து கொரியாவுக்கு அனுப்பினார். அவருடைய இலக்கு சீனா. கொரியா அதற்கு வழி. இடையில் ஒரு சமாதானப் பேச்சு, அது முறிந்து 1597-ல் மறுபடியும் படையெடுப்பு. 1598-ல் ஹிதேயோஷி இறந்ததும் படைகள் திரும்பின. சீனாவும் கிடைக்கவில்லை, கொரியாவும் கிடைக்கவில்லை. ஆனால் கொரியா நாசமாகிப் போனது. கொன்றதற்குக் கணக்குக் காட்ட வீரர்கள் அறுத்து அனுப்பிய பல்லாயிரம் மூக்குகளைப் புதைத்த மேடு கியோட்டோ நகரில் இன்றும் இருக்கிறது.

திரும்பிய கப்பல்களில் பல்லாயிரக்கணக்கான கொரியர்கள் பிடித்துக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் குயவர்களும் இருந்தார்கள். தேநீர்ப் பித்துப் பிடித்த பிரபுக்களுக்குக் கொரியக் கிண்ணங்கள் என்றால் உயிர். கிண்ணத்தை வாங்குவதற்குப் பதில் கிண்ணம் செய்பவரையே தூக்கி வந்துவிட்டால்? ஹாகி ஊருக்கு மோரி தெருமோதோ கொண்டுவந்தார். சத்சுமாவுக்கு ஷிமாசு யோஷிஹிரோ. சாகாவுக்கு நபேஷிமா நவோஷிகே. இதனால்தான் இந்தப் படையெடுப்புக்கு ஜப்பானிலேயே 'கிண்ணப் போர்' என்று ஒரு பெயர் உண்டு. இன்று உலகம் கொண்டாடும் ஹாகி, சத்சுமா, அரிதா மூன்றுமே இந்தக் கைதிகளின் கையில் பிறந்தவை.

அரிதாவின் வெள்ளைக் கல்

சாகாவுக்கு வந்தவர்களில் ஒருவர் யி சாம்-பியோங். ஜப்பானில் அவருக்குக் கனகாயே சான்பே என்று பெயர். 1616 வாக்கில் அரிதாவில் உள்ள இசுமியாமா மலையில் பீங்கானுக்கு ஏற்ற வெள்ளைக் கல்லை அவர் கண்டுபிடித்தார் என்பது அந்த ஊரின் மரபு. அதற்கு முன் ஜப்பானில் பீங்கான் செய்யத் தெரியாது. வேண்டுமானால் சீனாவில் இருந்தோ கொரியாவில் இருந்தோ வரவழைக்க வேண்டும்.

அதே ஊரில் ஒரு பெண்ணும் இருந்தார். குயவரான கணவர் இறந்த பிறகு, தம் கூட்டத்தார் 906 பேரை அழைத்துக்கொண்டு அரிதாவுக்குக் குடிபெயர்ந்து சூளை வைத்தவர். 1656-ல் 96 வயதில் இறந்தார். பெக் பா-சொன் என்று அழைக்கிறார்கள். ஆனால் அது அவருடைய பெயரே இல்லை, 'நூறு வயதுப் பாட்டி' என்ற அர்த்தத்தில் சந்ததியினர் மரியாதையாகச் சொன்னது. 906 பேரை வழிநடத்தியவரின் சொந்தப் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

சூளைகள் பெருகின. விறகுக்காகக் காடுகள் அழிந்தன. 1637-ல் சாகா அரசு 826 ஜப்பானியக் குயவர்களைத் தொழிலை விட்டே விலக்கியது. கொரியர்களை மட்டும் பெரும்பாலும் விட்டுவைத்தது. அவர்கள் கைவேலை அவ்வளவு தேவையாக இருந்தது. 1644-ல் சீனாவில் மிங் அரசு வீழ்ந்து அங்கே பீங்கான் வியாபாரம் படுத்தபோது, டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி அரிதாவைத் தேடி வந்தது. 1659-ல் 50,000-க்கும் மேற்பட்ட உருப்படிகளுக்கு ஒரே தடவையில் ஆர்டர் கொடுத்தது. இமாரி துறைமுகம் வழியாகப் போனதால் ஐரோப்பாவில் இதற்கு 'இமாரி' என்றே பெயராகிவிட்டது. ஜெர்மனியில் 1710-ல் தொடங்கிய மைசென் தொழிற்சாலையிலும் பிறகு இந்த ஜப்பானியப் பாத்திரங்களைப் பார்த்து நகல் எடுத்தார்கள்.

பிரபுக்களுக்கும் ஷோகுனுக்கும் மட்டுமான உயர்ந்த ரகத்தைச் செய்ய, 1675-ல் ஒகாவாச்சியாமா என்ற இடத்துக்கு அரசுச் சூளை மாற்றப்பட்டது. மூன்று பக்கமும் செங்குத்து மலை. நான்காவது பக்கம் காவல் வாசல். தொழில் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பதுதான் காரணம். அந்த ஊரில் இன்று ஒரு கூம்பு நிற்கிறது. உறவினர் யாரென்று தெரியாமல் போன குயவர்களின் 880 கல்லறைக் கற்களை ஒன்றாக அடுக்கிக் கட்டியது.

நயேஷிரோகாவா

சத்சுமாவுக்கு 1598-ல் வந்தவர்கள் சுமார் 80 பேர். பெரும்பாலோர் நாம்வோன் பகுதியில் பிடிபட்டவர்கள். கடற்கரையில் இறங்கிய ஒரு பகுதியினர் சில வருடம் தாங்களே பிழைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பிறகு நயேஷிரோகாவா என்ற கிராமத்தில் குடியேறினார்கள். இன்று அந்த ஊருக்கு மியாமா என்று பெயர்.

அவர்கள் ஆரம்பத்தில் செய்த சில கிண்ணங்களுக்கு ஒரு விசித்திரமான பெயர் உண்டு. 'ஹிபகாரி'. அப்படியென்றால் 'தீ மட்டும்'. மண் கொரியாவில் இருந்து வந்தது. மெருகு கொரியாவில் இருந்து வந்தது. செய்த கையும் கொரியாவில் இருந்து வந்தது. ஜப்பானுடையது என்று அந்தக் கிண்ணத்தில் இருந்தது சூளையின் தீ ஒன்றுதான்.

கொண்டுவந்த மண் தீர்ந்ததும் சத்சுமாவிலேயே வெள்ளைக் களிமண்ணைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அதில் செய்த வெள்ளைச் சத்சுமா பிரபுவின் வீட்டுக்கு. இரும்புச் சத்து நிறைந்த மண்ணில் செய்த கறுப்புச் சத்சுமா சாதாரண ஜனங்களுக்கு.

சத்சுமா அரசு இவர்களை மோசமாக நடத்தியது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. நிலம் கொடுத்தது. வீரர் வகுப்புக்கு நெருக்கமான மரியாதையும் கொடுத்தது. கொரியாவில் குயவருக்கு அந்த மரியாதை கிடைத்ததில்லை. ஆனால் கூடவே கட்டளைகளும் வந்தன. ஜப்பானியப் பெயர் வைக்கக் கூடாது. கொரிய உடையைவிடக் கூடாது. கொரிய மொழியை மறக்கக் கூடாது. பிரபு அந்த வழியாகப் போகும்போது கொரிய நடனம் ஆடிக்காட்ட வேண்டும். கடலில் திசைமாறி வந்த கொரியப் படகுக்காரர்களிடம் மொழிபெயர்ப்பாளர்களாகவும் பயன்பட வேண்டும். இருநூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஒரு கிராமத்தையே பெட்டியில் வைத்த கிண்ணம் மாதிரிப் பத்திரமாக வைத்திருந்தார்கள்! அந்த ஜனங்கள் ஊர் மேட்டில் கொரியர்களின் ஆதி மூதாதையான தங்குனுக்குக் கோயில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்கள்.

1868-க்குப் பிறகு மெய்ஜி அரசு வந்தது. பிரபுக்களின் ஆட்சி போனது. அதோடு கிராமத்தின் பாதுகாப்பும் போனது. இதுவரை சட்டம் போட்டுக் காப்பாற்றிய கொரியப் பெயர், இப்போது பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் கேலிக்குக் காரணமானது. பலர் ஜப்பானியப் பெயருக்கு மாறினார்கள். 1882-ல் அங்கே பார்க் குடும்பத்தில் பிறந்த ஒரு பையனின் தந்தை, 1886-ல் 'டோகோ' என்ற குடும்பப் பெயரை விலைகொடுத்து வாங்கினார். அந்தப் பையன்தான் டோகோ ஷிகெனோரி. 1941-ல் பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்தபோதும், 1945-ல் ஜப்பான் சரணடைந்தபோதும் ஜப்பானின் வெளியுறவு அமைச்சர் அவர்தான். போர்க்குற்றவாளி என்று தண்டிக்கப்பட்டு 1950-ல் காவலில் இருக்கும்போதே இறந்தார்.

பெயரை மாற்றாமல் தொழிலைத் தொடர்ந்தவர்களும் உண்டு. சின் ஜுகன் குடும்பம் அதில் முக்கியமானது. 12-ஆவது சின் ஜுகன் செய்த ஜாடிகள் 1873-ல் வியன்னா உலகக் கண்காட்சிக்குப் போய் ஐரோப்பாவில் 'சத்சுமா' என்ற பெயரைப் பிரபலமாக்கின. இன்று 15-ஆவது தலைமுறை மியாமாவில் வேலை செய்கிறது.

ஐந்து பெட்டிக்குள் ஒரு சோற்றுக் கிண்ணம்

கியோட்டோவில் தைதோகுஜி மடத்தில் ஒரு தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. பெயர் கிசாயெமோன். 1951-ல் ஜப்பான் அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. அது ஜப்பானில் செய்ததே இல்லை. கொரியாவில் 16-ஆம் நூற்றாண்டில் யாரோ ஒருவர் செய்தது.

1931-ல் யனாகி சோயெட்சு என்பவர் அதைப் பார்க்க அனுமதி வாங்கிப் போனார். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று ஐந்து பெட்டிகளைத் திறந்த பிறகு கிண்ணம் வெளியே வந்தது. பார்த்தவருக்கு ஆச்சரியம். இது ஏழை வீட்டில் சோறு தின்கிற கிண்ணம், பெயர் தெரியாத குயவர் அவசர அவசரமாகச் செய்து போட்டது, அதனால்தான் அழகாக இருக்கிறது என்று எழுதினார். அது உண்மையில் எதற்காகச் செய்யப்பட்டது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் செய்தவர் பெயர் இல்லை என்பதில் சந்தேகம் இல்லை. கிண்ணத்துக்குப் பெயர் இருக்கிறது. அதன் பழைய சொந்தக்காரர்களுக்குப் பெயர் இருக்கிறது. செய்தவருக்கு மட்டும் இல்லை.

யனாகியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலத்தில், சியோலில் உள்ள குவாங்வாமுன் வாயிலை ஜப்பானிய ஆட்சி இடிக்கப் போவதாக இருந்தபோது 1922-ல் அதை எதிர்த்து வெளிப்படையாக எழுதினார். வாயில் தப்பியது. 1924-ல் சியோலிலேயே கொரியக் கைவினைப் பொருள்களுக்கு ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். பாண்டத்தை நேசித்தவர்களில் அதைச் செய்த ஜனங்களையும் சேர்த்து நினைத்தவர் என்பதால் இவரைக் குறிப்பிடத்தான் வேண்டும்.

இனி, பராமரிப்பு

இப்போது அந்தத் துண்டுத் தாளுக்குத் திரும்பலாம். ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் உண்டு.

1. அரிசி களைந்த தண்ணீர்: புது மண் கிண்ணத்தை ஒரு பாத்திரத்தில் வைத்து, அது மூழ்கும்வரை அரிசி களைந்த தண்ணீர் ஊற்றி, சின்னத் தீயில் 20, 30 நிமிடம் காய்ச்ச வேண்டும். அப்படியே ஆறவிட்டு எடுத்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். தண்ணீரில் உள்ள மாவுச்சத்து நுண்துளைகளை அடைக்கும். கசிவும் கறையும் குறையும். தமிழ்நாட்டில் புது மண்சட்டியைப் பழக்குவதும் இதே கணக்குத்தான். பீங்கானுக்கு இது தேவையில்லை.

2. நனைத்துப் பயன்படுத்துவது: துளைகளில் முன்பே நல்ல தண்ணீர் நிறைந்திருந்தால் எண்ணெயும் குழம்பும் உள்ளே போக இடம் இருக்காது. கால் மணி நேரம் ஊறினால் போதும். மெருகு பூசாத பிசென் பாத்திரத்துக்கும் இது நல்லது.

3. கழுவுதல்: சாப்பிட்டதும் உடனே, மென்மையான பஞ்சால், கையால் கழுவ வேண்டும். நெடுநேரம் சோப்புத் தண்ணீரில் ஊறவிட்டால் சோப்பும் உள்ளே போய்விடும். குளோரின் பிளீச் கூடாது. அரிதா பாத்திரங்களில் சிவப்பு, தங்க நிற வேலைப்பாடு மெருகின் மேல் தீட்டிக் குறைந்த சூட்டில் சுட்டது. கம்பி நாரால் தேய்த்தால் போய்விடும்.

4. சூடு: கொதிக்கும் பாத்திரத்தைக் குளிர்ந்த நீரில் வைத்தால் விரியும். ஈரம் உறிஞ்சிய மண் கிண்ணம் மைக்ரோவேவில் சூடேறி விரிசல் விடலாம். தங்க வேலைப்பாடு இருந்தால் பொறி பறக்கும்.

5. காயவைத்தல்: இதுதான் மிக முக்கியம். மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். கவிழ்த்து, அடிப்பக்கத்துக்குக் காற்றுப்படும்படி ஓரிரு நாள் வைத்த பிறகே பெட்டியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும்.

6. அடுக்குதல்: கிண்ணத்தின் அடிவளையம் கரடுமுரடாக இருந்தால் மேசையையும் கீறும், கீழே உள்ள கிண்ணத்தையும் கீறும். நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, இடையில் துணி வைத்து அடுக்கலாம்.

7. உடைந்தால்: எறிய வேண்டாம். உருஷி மரத்துப் பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின் மேல் தங்கத் தூள் தூவுவது 'கின்சுகி'. உருஷி வெயிலில் உலராது, ஈரக்காற்றில்தான் இறுகும். முழு வேலைக்கும் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். இறுகும் முன் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும். கடையில் கிடைக்கும் சில அவசர 'கின்சுகி' பெட்டிகளில் இருப்பது வேறு வகைப் பசை. உணவுக்கு ஏற்றது என்று குறிப்பிடாவிட்டால் அப்படி ஒட்டிய கிண்ணத்தை அலங்காரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

மறுபடியும் தீ

1998-ல் நயேஷிரோகாவாவுக்குக் கொரியர்கள் வந்து 400 வருடம் நிறைந்தது. 14-ஆவது சின் ஜுகன் அப்போது குடும்பத் தலைவர். அவரும் ஊராரும் அந்த வருடத்தைக் கொண்டாட ஒரு யோசனை செய்தார்கள். முன்னோர் பிடிபட்ட நாம்வோன் ஊரில் தீ மூட்டி, அந்தத் தீயைக் கப்பலில் ஏற்றி, அணையாமல் கடல் கடந்து மியாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். அந்தத் தீயால் சூளை மூட்டினார்கள்.

400 வருடத்துக்கு முன் மண்ணும் மெருகும் கையும் கொரியாவுடையவை, தீ மட்டும் ஜப்பானுடையது. இப்போது மண் ஜப்பானுடையது, செய்யும் கைகள் ஜப்பானில் பிறந்தவை. தீ மட்டும் கொரியாவுடையது.

கின்சுகியில் ஒட்டிய கோடு மறைக்கப்படுவதில்லை. தங்கத்தால் இன்னும் எடுப்பாகக் காட்டப்படுகிறது. இங்கே விரிசல் விழுந்தது, இங்கே சேர்த்தார்கள் என்று கிண்ணமே சொல்லும். அந்தத் தீயும் அப்படி ஒரு கோடுதான்.

ஒரு கிண்ணத்தை ஊறவைத்து, கழுவி, இரண்டு நாள் காயவைத்துப் பெட்டியில் வைப்பவருக்கு அதற்குச் செலவாகும் நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்தில் அதன் அடிப்பக்கத்தைத் திருப்பி, அங்கே ஒரு பெயர் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். இல்லையென்றால், இல்லாததற்கும் ஒரு கதை இருக்கும்.